பெண்கள் அழுத கூடத்தில் அமலநாதன்

1936 கடைசியில் முத்தியால்பேட்டையில் நான் அறை எடுத்துத் தங்கிய இரண்டாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த கோலத்திலேயே ஒருவர் என் வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. எங்கள் கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தவன் என்று கேள்விப்பட்டு மனு எழுதிக்கொள்ளத்தான் வந்திருப்பார் என்று மைக்கூட்டைத் திறந்தேன்.

"எழுத ஒண்ணுமில்ல தம்பி. நீ பி.ஏ. படிச்சவனாமே? மனுசன் தூங்காம எத்தினி நாளு இருக்கலாம்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"

தெரியாது என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார். அவர்தான் அமலநாதன். அவருக்கு நடந்ததை அவர் வாயாலும், அவர் கூட்டாளி தேவதாஸ் வாயாலும் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன்.

அவர்கள் வேலை பார்த்த பஞ்சாலையில் கூரையடியில் சுழலும் இரும்புத் தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தோல் பட்டை இறங்கும். பட்டை கழன்றால் தண்டை நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நிறுத்தினால் வரிசை முழுக்க நின்றுபோகும். மேஸ்திரி வந்து தாயைப் பழிப்பார். 1936ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, அமலநாதனுக்குப் பக்கத்து இயந்திரத்தில் பட்டை கழன்றது. அதை ஓட்டிய அரிகிருஷ்ணன், "நிறுத்தச் சொல்லட்டாண்ணே?" என்று கேட்டான்.

"இதுக்குப் போயா? ஓடறப்பவே போட்டுடுடா" என்றார் அமலநாதன்.

அரிகிருஷ்ணன் தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து தொங்கியது. பட்டை அதைப் பிடித்து, அவனையும் மேலே தண்டுவரை இழுத்துக்கொண்டு போனது.

விசாரித்தவர்கள் செத்தவன் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். அமலநாதன் எதிரிலேயேதான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஆலைச் சங்கு ஊதினால் கை நடுங்கும். சாப்பாடு நான்கு கவளமாகி, பிறகு இரண்டாயிற்று. பிள்ளைகள் மடியில் ஏறினால் இறக்கிவிட்டார். காற்று கருப்பு சேர்ந்திருக்கிறது என்றார்கள் பக்கத்து வீட்டார். மனைவி இருதயமேரி வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். தேவதாஸ் சாராயக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், "ரெண்டு கிளாசு போடுண்ணே. ஆம்பளதான நீ?" என்றான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியும் பார்த்தார். அது விபத்து, பாவமில்லை என்று சொல்லி பரிகாரமாக மூன்று முறை அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் அவர். அமலநாதன் முப்பது சொன்னார். தூக்கம் வரவில்லை.

சொல்ல வேண்டிய இடம் வேறு என்று அவருக்குத் தெரியும். அரிகிருஷ்ணன் மனைவி வீராயி இருந்த தெருவைத் தவிர்த்து, ஒரு வருஷமாகச் சுற்றுவழியில் வேலைக்குப் போய்வந்தார். சில மாலைகளில் கடற்கரையில் தனியே நிற்பார். அந்த நிற்பைப் பார்த்து இருதயமேரி பயந்துபோனாள். "அவர தனியா உடாதீங்கண்ணா" என்று தேவதாஸிடம் கெஞ்சினாள்.

அரிகிருஷ்ணனின் வருஷத் திதி வந்தது. தேவதாஸ்தான் அவரை வீராயி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாசல் பந்தலில் ஆண்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஆலைக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அமலநாதன் பந்தலில் உட்காரவில்லை. நேரே கூடத்துக்குள் போனார்.

"யோவ், அங்க எங்கய்யா போற?" என்றான் கொளஞ்சி, நூல் சுற்றும் பகுதிக்காரன். "அண்ணனுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்கப்பா, ஒப்பாரி வெக்கப் போறாரு!"

பந்தலில் சிரிப்பு எழுந்தது. அவர் வட்டத்துக்கு நடுவில் போய் மண்டியிட்டார். அழுகை நின்றது.

"வாண்ணே" என்றாள் வீராயி, ஒன்றும் புரியாமல்.

"நிறுத்தட்டான்னு அவன் கேட்டாம்மா. நாந்தான் வேணாம்னேன். ஓடறப்பவே போடுன்னேன்."

அவள் இரண்டு கையாலும் அவர் மார்பில் குத்தினாள். "பாவி! ஒரு வருசமா அவரு மேல இல்லடா பழிய போட்டானுங்க! என் புள்ளைங்களுக்கு உங்கப்பன் சூதானமில்லாம செத்தான்னு இல்லடா சொல்லி வெச்சிருக்கேன்!"

அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பெண்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதறிக்கொண்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். செத்தவனின் தாய் ஆயம்மா மட்டும் நகர்ந்து வந்தாள். வருகிற பெண்களைக் கட்டிக்கொள்வது போலவே அவர் கழுத்தைக் கட்டித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"என் புள்ள உங்கூடத்தாண்டா சோறு துன்னான்" என்று இழுத்து அழ ஆரம்பித்தாள். அமலநாதனும் வாய்விட்டு அழுதார். அந்தச் சத்தத்தில் பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. கொளஞ்சி வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். ஒரு முருங்கை மரத்தடியில் தேவதாஸ் நின்று, "அவன தண்டுலேர்ந்து எறக்குனது நாந்தாண்ணே" என்றான். "இந்தக் கையாலதான். எனக்கும் தூக்கமில்ல. நீ இன்னா நெனப்பியோன்னு சொல்லல." அமலநாதன் அவன் தோளில் கை போட்டார். ஒருவரையொருவர் பார்க்காமலே நடந்தார்கள்.

மறுவாரம் அமலநாதன் தேவதாஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆலையில் உண்மையைச் சொன்னார். எழுதியது எழுதியதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். வீராயியின் வீட்டுக்குப் போய் அரிகிருஷ்ணனின் பிள்ளைகளிடம் சொன்னார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள், வெளியே வரவில்லை.

இது 1938. அமலநாதன் அதே ஆலையில், இயந்திரம் இல்லாத பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். சங்கு ஊதினால் கை இன்னும் நடுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் தேவதாஸும் கடற்கரை மணலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இப்போதெல்லாம் கொளஞ்சியும் வந்து உட்காருகிறான். அமலநாதன் இரவில் மூன்று மணி நேரம் தூங்குவதாகச் சொல்கிறார். வீராயி அவரோடு பேசுவதில்லை.