எத்தினை பாகம் இழுத்தனீங்கள்?

"இவளுக்குப் படிப்பு வரும். பேசாமல் இருக்கத்தான் வராது. அதைக் கம்பஸில சொல்லிக் குடுப்பினமோ தெரியேல்ல."

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்று அம்மா வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் இப்படிச் சொன்னார். உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். அப்பா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். அம்மா இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்தவர், பள்ளிக்கூடப் படி ஏறாதவர். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்த நினைப்பு எனக்குள் எப்போதும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

இரண்டாம் வருட விடுமுறைக்கு ஓர் ஒப்படை தந்திருந்தார்கள். சொந்த ஊரில் தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றை, வெளியாளைப் போல நின்று அவதானித்து எழுத வேண்டும். நான் எங்கள் ஊரான அரிப்பின் கடற்கரையில் கரைவலை இழுப்பதை, கடலில் விட்ட வலையை ஆட்கள் கரையில் நின்று கயிற்றால் இழுத்தெடுப்பதை, தேர்ந்தெடுத்தேன். அப்பா முப்பது பேரோடு அந்தக் கயிற்றில் நிற்பவர். வேறு கரைகளில் உழவு இயந்திரம் இழுக்கிறது. எங்களிடம் இன்னும் ஆட்கள்தான்.

நாலு நாள் மணலில் குந்தியிருந்து பார்த்தேன். விடிய ஆறு மணிக்குக் கயிறு பிடித்தால் வலையில் மீன் சேருகிற மடி கரைக்கு வர ஒன்பது ஆகும். மடியை அவிழ்த்ததும், விற்பதற்கு மீன் பிரிக்க முன்னரே, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி இரண்டு கையாலும் மீனை அள்ளி, கயிற்றில் கை வைத்த எல்லோருடைய பையிலும் போடுவார். அது கறிக்கு. கூலி வேறு.

அந்த வரிசையின் கடைசியில் ஒரு மாமி நிற்பார். அம்மாவின் வயதுதான். தனி ஆள். பல வருடங்களுக்கு முன் லொறியில் இருந்து விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது, அந்தக் கை இடுப்புக்கு மேல் எழும்பாது. மடி கரையைத் தொட இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போதுதான் வருவார். வலது கையைக் கயிற்றின் மேல் வைப்பார். கயிறு அவரது உள்ளங்கைக்குக் கீழே தன்பாட்டில் நகரும். பிறகு பையோடு வரிசையில் நிற்பார். அவருக்கும் இரண்டு கை மீன். உள்ளங்கை கிழிந்து இரத்தம் கசிய நின்ற என் அப்பாவுக்கும் இரண்டு கை மீன்.

ஐந்தாம் நாள் சம்மாட்டி மீனை அள்ளி அவரது பைக்கு மேலே பிடித்திருந்தபோது நான் எழுந்து போய்க் கேட்டேன்.

"மாமி, நீங்கள் இண்டைக்கு எத்தினை பாகம் இழுத்தனீங்கள்?"

இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கயிற்றை அப்படித்தான் அளப்பார்கள். அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் எடுத்தேன். அவரால் இரண்டு கையையும் விரிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

சம்மாட்டியின் விரல்களுக்கிடையால் ஒரு சூடை மீன் நழுவி மணலில் விழுந்து துடித்தது. நான் கம்பஸ் போனதிலிருந்து என்னை ரீச்சர் என்று கேலி செய்யும் இளம் பெடியன் ஒருவன்தான் வரிசையில் முதலில் வாயைத் திறந்தான்.

"ரீச்சர் கேக்கிறது நியாயம்தானே. நாளைக்கு நானும் ஆறுதலா எழும்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு, ஒருக்காத் தடவிப்போட்டுப் போறன்."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமி என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார்.

"இழுக்கேல்லத்தான் பிள்ளை."

"விடுங்கோ, பாவம். கொண்டு போங்கோ" என்று சம்மாட்டி மீனைப் பையில் போட்டார்.

மாமி பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். மீன் முழுவதும் மணலில் கொட்டியது. பையை நாலாக மடித்து, வலது கையாலேயே இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவர் பனைகளைத் தாண்ட முன்னரே காகங்கள் இறங்கிவிட்டன.

அன்று மத்தியானம் அப்பா மீன்கறியைத் தொடாமல் வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழும்பினார். வெயிலாக்கும் என்று நினைத்தேன். பின்னேரம் உட்கார்ந்து ஒப்படையை எழுதி முடித்தேன். உழைக்காமல் பங்கு பெறுபவரைக் கண்டும் காணாமல் விடும் அறியாமை என்று அதில் ஒரு பந்தியே இருந்தது. விரிவுரையாளர் அந்தப் பந்தியின் ஓரத்தில் "நுணுக்கமான அவதானம்" என்று சிவப்பு மையால் எழுதித் தந்தார். அதைப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினேன்.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது வரிசையின் கடைசி வெறுமையாக இருந்தது. யார் யாரோ அவர் வீட்டுக்கு மீன் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கயிற்றில் கை வைத்தவர்களுக்குத்தான் மீன் என்று சொல்லி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டாராம். அதை எனக்குச் சொன்னவர் அம்மா. சொல்லும்போது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

"இந்தியாவில இருந்து வந்து இறங்கேக்க எங்களிட்ட ஒரு சட்டி கூட இல்லை. நீ வயித்தில. எட்டு மாசம். அந்தக் கயித்தில நானும் கை வைச்சுக்கொண்டு நிண்டனான். இழுத்தனானோ? ஒருத்தரும் கேக்கேல்ல."

"ஏனம்மா முதலே சொல்லேல்ல?"

"நீ கேட்டனீயே? எங்களைப் பற்றி நீதானே எழுதிக்கொண்டிருந்தாய்."

அடுத்த நாள் ஒரு கிலோ விளைமீன் வாங்கிக்கொண்டு மாமியின் வீட்டுக்குப் போனேன். கதிரையைத் தட்டி எனக்குப் போட்டார். அடுப்பில் சோறு மட்டும். பக்கத்தில் உப்பும் இரண்டு பச்சை மிளகாயும்.

"மாமி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்னத்துக்கு? நீ பொய் சொன்னனீயோ?"

"இல்லை."

"பிறகென்ன. நான் இழுக்கிறேல்ல எண்டு எனக்குத் தெரியும். சம்மாட்டிக்குத் தெரியும். உன்ர அப்பாவுக்கும் தெரியும். நீ ஒரு ஆள்தான் அதைப் புதுசாக் கண்டுபிடிச்சனீ." அவர் பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளி எறிந்தார். "அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் அங்க போய் நிண்டால் அதுக்குப் பேர் வேற. நான் ஒருத்தரிட்டயும் கையேந்தினதில்லை. மீனைக் கொண்டு போ, மோளே. இங்க பூனையும் இல்லை."

நான் பார்த்தது சரி என்று இப்போதும் சொல்வேன். அவர் இழுக்கவில்லை. ஆனால் அந்த முப்பது பேரும் பார்க்கத் தெரியாதவர்கள் என்று நினைத்தேனே, அங்கேதான் நான் மூடப்பட்ட கண்ணோடு இருந்திருக்கிறேன். தினமும் பார்த்து, தினமும் வாயை மூடி, ஒரு பெண்ணுக்குப் பிச்சையில்லாத சாப்பாட்டை அவர்கள் கட்டிக் காத்தார்கள். சொன்னவுடன் அது உடைந்தது. மன்னிப்பால் அதை ஒட்ட முடியாது. இழுக்காதவர்கள் அந்த வரிசையில் நிற்கலாம் என்று மறுபடி ஆக வேண்டும். அதற்கு இழுக்காத இன்னொருவர் முதலில் போய் நிற்க வேண்டும். அதுவும் இரண்டு கையும் நல்லாயிருக்கிற ஒருவர்.

இன்று காலை ஆறு மணிக்குக் கயிறு பிடிக்கும் சத்தம் கேட்டும் நான் பாயிலேயே கிடந்தேன். தேநீர் குடித்தேன். சீப்பெடுத்துத் தலை இழுத்தேன். மடியின் மிதப்புகள் கரைக்குக் கிட்டத் தெரிந்தபோதுதான் இறங்கிப் போனேன். கயிற்றின் கடைசியில், அவர் நிற்கும் இடத்தில், உள்ளங்கையை வைத்தேன். கயிறு நகர்ந்தது. நான் இழுக்கவில்லை.

பிறகு பையோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அப்பாவின் முதுகு. அவர் திரும்பவில்லை. அந்தப் பெடியன் இதற்காகவே இத்தனை மாதம் காத்திருந்தவன் போலக் கேட்டான்.

"ரீச்சர், எத்தினை பாகம் இழுத்தனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை ஒருவர் மிச்சமில்லாமல்.

"ஒரு பாகமும் இல்லை. தொட்டனான்."

சம்மாட்டி கை நிறைய மீனோடு எனக்கு முன்னால் வந்து நின்றார். நான் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.