படத்துக்கு ரெண்டு கவிதை, மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டு

இது சத்தியமாக நடந்தது. ஒரு சொல் இட்டுக்கட்டியிருந்தால் என் நாக்கு அழுகிப் போகட்டும். சரி, நாக்கு எனக்கு வேண்டும். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். இழுக்காமல் சொன்னால், உள்ளே நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு பக்கத் தாடி எடுப்பதற்குள் கதை முடிந்துவிடும். அப்புறம் இந்தச் சலூன் பெஞ்சில் நாலு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆனால் ஆள் நிஜம், படம் நிஜம், கவிதை இரண்டும் நிஜம்.

பிரேம் கடைக்காரருக்கு ஊருக்குள் மில்லிமீட்டர் என்று பேர். அவர் கை ஒரு மில்லிமீட்டர் பிசகியதாகச் சரித்திரமே கிடையாது. ரொட்டியை நாலாக அறுத்தால் நாலு துண்டையும் தராசில் வைத்துப் பார்க்கலாம். தலைவலி என்று டாக்டரிடம் போனவர், “வலது புருவத்துக்கு மேல பன்னெண்டு மில்லிமீட்டர்ல வலிக்குது” என்றார். டாக்டர் அங்கே தொட்டார், இவர் கத்தினார்.

இன்னொரு குணம், பேச்சு. அளவெடுக்கும்போது வாய் மூடியிருக்கும். மற்ற நேரமெல்லாம் திறந்திருக்கும். கடை மூன்று பேர் நிற்கிற அகலம். முன்னால் இவர் கட்டையும் கண்ணாடியும் வெட்டுவார். பின்னால் மனைவி படத்தை ஒட்டி, முதுகுக்குப் பழுப்புத் தாள் போட்டு அடைப்பார். பதினெட்டு வருஷமாக இவர் பேச, அந்த அம்மா ஒட்ட, தொழில் நடந்துகொண்டிருந்தது.

நூலகத்தில் பேப்பர் படிக்கிற கூடத்தில் ஒரு படம் உண்டு. மேஜை முன்னால் ஒரு பெண். இரண்டு கையும் மேஜை மேல். முகம் வலது பக்கம் திரும்பியிருக்கும். அவ்வளவுதான் படம். ஏழு வருஷத்துக்கு முன்னால் கூடம் திறந்தபோது சட்டம் போட்டுக் கொடுத்தது மில்லிமீட்டர்தான். பேப்பர் படிக்க வருகிறவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்து, “பாவம், யாருக்காகவோ காத்துக்கிட்டிருக்கா” என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சிலேயே மின்விசிறி சுற்றும்.

இந்த வருஷம் நூலகர் அம்மா ஒரு போட்டி வைத்தார். படத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கவிதை எழுதலாம். ஜெயிக்கிற கவிதையைச் சட்டம் போட்டுப் படத்துக்குக் கீழேயே நிரந்தரமாக மாட்டுவார்கள். முந்நூறு கவிதை வந்தது. சரி, முப்பத்தொன்று. நடுவர்கள் இரண்டு பேர், நூலகர் அம்மாவும் பள்ளிக்கூட வாத்தியாரும். வாத்தியார் ஒரு கவிதையைப் பிடித்துக்கொண்டார், நூலகர் அம்மா இன்னொன்றை. நாலு நாள் இழுத்தும் இரண்டு பேரும் விடவில்லை. இதற்கு நடுவே ஒட்டடை அடிக்கும்போது கம்பு பட்டுப் படத்தின் கண்ணாடி உடைந்து, படம் மில்லிமீட்டர் கடைக்கு வந்தது. பின்னாலேயே நூலகர் அம்மாவும் வந்தார்.

“அண்ணே, நீங்கதான் மூணாவது ஓட்டு.”

“எனக்கும் கவிதைக்கும் ஆகாதும்மா. நான் படிச்சதே அஞ்சாங்கிளாஸ். அதுலயும் பாதி நாள் மழை.”

“படம் உங்ககிட்டதானே இருக்கு? ரெண்டையும் படத்தோட வச்சுப் பாருங்க. எது பொருந்துதுன்னு அளந்து சொல்லுங்க. எழுதினவங்க பேரை எடுத்துட்டேன். நீங்க யார் பக்கமும் சாய முடியாது.”

அவர் போன பிறகு மில்லிமீட்டர் கவிதைகளைப் பிரித்தார். பிரித்ததுமே இரண்டும் யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. ஒன்று டைப் அடித்தது. ஊரிலேயே இன்னும் டைப் மிஷின் வைத்திருக்கிறவர் ஒரே ஒருத்தர், கோர்ட் வாசலில் மனு அடித்துக் கொடுக்கிற அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். இன்னொன்று பழுப்புத் தாளில் எழுதியிருந்தது. சட்டத்துக்கு முதுகில் ஒட்டுகிற அதே தாள். பசை வாசனைகூடப் போகவில்லை.

மச்சான் கவிதை இப்படி:

வெறுமையின் மேஜையில்
விரல்களை விரித்து வைத்தாள்.
வராத ஒருவனின் காலடியை
வாசல் எண்ணிக்கொண்டிருக்கிறது.

பழுப்புத் தாள் இப்படி:

அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை.
பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்.
முடித்தார் என்றால்
எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவலாம்.

மில்லிமீட்டர் டேப்பை எடுத்தார். மேஜை, இருக்கிறது. விரல், விரிந்திருக்கிறது. வாசல் இல்லை, ஆனால் அது சின்னப் பிசகு. அடுத்தது பழுப்புத் தாள். பக்கத்தில் ஒருவர் என்கிறது. ஒருவரும் இல்லை. அளவுப்படி பார்த்தால் மனைவி தோற்றார், மச்சான் ஜெயித்தார்.

“பொண்டாட்டிக்குக் குத்திட்டுப் போக வேண்டியதுதானே? இதுல என்னய்யா யோசனை?” என்கிறீர்கள். பொறுங்கள். அந்த ஆள் அளவு விஷயத்தில் பொய் சொன்னதே இல்லை.

அவர் பின்பக்கம் பார்த்து, யாரோ எவரோ என்பதுபோல் குரல் கொடுத்தார். “ஒருத்தங்க படத்தைப் பாக்காமலே எழுதியிருக்காங்க. பக்கத்துல ஆள் பேசுதாம். எந்த ஆளு?”

மனைவி பசைக் கிண்ணத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை. “கண்ணாடி மாத்தணும்னா பிரிச்சுத்தானே ஆகணும்? பிரிங்க.”

பிரித்தார். பழுப்புத் தாளைக் கிழித்து, ஆணியைப் பிடுங்கி, படத்தைச் சுற்றி ஓரத்துக்கு வைக்கிற வெள்ளை அட்டையைத் தூக்கினார். வலது பக்கம், அட்டைக்கு அடியில், ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை. வாய் திறந்திருந்தது. ஒரு விரல் மேலே தூக்கியிருந்தது. ஏழு வருஷமாக அந்த இருட்டுக்குள் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

டேப் ஐம்பது மில்லிமீட்டர் காட்டியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. திறப்பு விழா அவசரம். கையில் இருந்த சட்டம் சின்னது. ஓரத்தில் வெறும் சுவர்தானே இருக்கும் என்று சரியாகப் பார்க்காமல் அட்டையை உள்ளே தள்ளி வெட்டிவிட்டார். படத்தை ஒட்டியது மனைவி.

“இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னேன். ‘என்னங்க, ஒரு ஆள் உள்ள போறாரு’ன்னேன். நீங்க பேசிட்டிருந்தீங்க.”

“என்ன பேசிட்டிருந்தேன்?”

“உங்க கைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாதுன்னு.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பழைய அட்டையையே திரும்ப வைத்து மூடினால் பேர் பிழைக்கும், மனைவி எழுதியது உளறல் ஆகிவிடும். ஆளை வெளியே விட்டால் மனைவி எழுதியது சரி, பதினெட்டு வருஷப் பேர் காலி.

“நீ என்ன சொல்ற?”

“நான் சொல்ல வேண்டியதை எழுதிட்டேன். ஓட்டு உங்களது.”

அன்று சாயங்காலம் வரை மில்லிமீட்டர் வாய் திறக்கவில்லை. கடை மூடியிருக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை புதுச் சட்டம், புது அட்டை போட்டுப் படத்தை நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். மனைவி கூட வந்தார். வாத்தியார் இருந்தார். முடிவு கேட்க மச்சானும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். படத்தை மாட்டியதும் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“இவரு யாரு?”

“ஏழு வருஷமா இங்கதான் இருக்காரு சார். நான்தான் அட்டைக்குள்ள தள்ளிட்டேன். அம்பது மில்லிமீட்டர் தப்பு.” அதோடு நிறுத்தவில்லை. “ரெண்டு கவிதையும் எங்க வீட்டு ஆளுங்க எழுதினது. கையெழுத்தும் மிஷினும் எனக்குத் தெரியும். இதைக் கேட்டுட்டு என் ஓட்டு வேணாம்னா விட்டுடுங்க. வேணும்னா, பழுப்புத் தாளுக்கு.”

நூலகர் அம்மா, “வேணும்” என்றார்.

மச்சான் முன்னால் வந்தார். “மாப்ளே, நான் பாத்த படத்துல ஆளே இல்ல. இல்லாத ஆளுக்கு நான் எப்படி எழுதறது? தங்கச்சி உள்ள பாத்துட்டு வந்து எழுதியிருக்கா. அது கவிதை இல்ல, சாட்சி.”

“அண்ணே, உங்க வாசல் எங்கே?” என்றார் தங்கச்சி. “படத்துல காட்டுங்க.”

“வாசல் கற்பனை!”

“அப்ப என் ஆளையும் கற்பனைன்னு வச்சுக்கோங்க.”

வாத்தியார் கடைசி வரை டைப் அடித்ததுதான் கவிதை என்றார். இரண்டுக்கு ஒன்று. பழுப்புத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. மில்லிமீட்டருக்கு இப்போது அம்பது என்று பேர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். முன்னைக்கு இப்போது பேச்சு கொஞ்சம் குறைவு, ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கும்.

“மச்சான் சொன்னதுதான் ஞாயம்” என்றார் பெஞ்சில் கடைசியில் இருந்த லாரி டிரைவர். “பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளைப் பாத்தவங்களுக்கு எப்படிய்யா பரிசு?”

“பாத்தா என்ன?” என்றார் பக்கத்தில் இருந்த பால்காரர். “ஏழு வருஷமா அத்தனை பேரும் பாத்தீங்களே, அவ யாரோ பேசறதைக் கேக்குற மாதிரி இருக்கான்னு ஒருத்தருக்காவது தோணுச்சா?”

“நீ அந்தப் படத்தைப் பாத்திருக்கியா?”

“நீ பாத்திருக்கியா?”

“உன்கூடப் பேசறதுக்கு அந்த வழுக்கைத் தலைகூடப் பேசலாம்.”

“யோவ், யாரைப் பாத்து என்ன சொன்ன?”

பால்காரர் எழுந்தார், டிரைவரும் எழுந்தார், இரண்டு பேரும் எழுந்ததில் பெஞ்சின் அந்தப் பக்கம் தூக்கி நடுவில் இருந்தவர் தரையில் விழுந்தார். உள்ளே நாற்காலியில் இருந்தவர் ஒரு கன்னத்தில் நுரையோடு துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்து, “டைப் அடிச்சதுதாண்டா கவிதை!” என்று கத்தினார்.