டெகுவுக்கு வைத்தியம் பார்த்த கலா அக்கா

கலா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில். மணி அண்ணன் போன் பண்ணி, "முடிஞ்சிருச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இங்கே பலருக்கு அவர் மணி அண்ணன் வீட்டம்மா. பொங்கல் விழாவில் சாப்பாட்டு வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிற ஆன்ட்டி... அவ்வளவுதான் தெரியும்.

அவர் நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவர். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.வி.எஸ்சி. என்று போட்டிருந்தார்களாம். விமானம் ஏறியதும் அது உதிர்ந்துவிட்டது.

வேலை விசாக்காரரின் மனைவிக்குத் தரும் ஹெச்-4 விசா. சமைக்கலாம், தூங்கலாம், பிள்ளை பெறலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. சட்டம் போட்டவன் ஒருவன் என்றால், அது தெரிந்தே படித்த பெண்ணாகத் தேடிக் கட்டிக் கூட்டிவந்தவர்கள் நம் ஆட்கள்.

இரண்டாயிரத்தில் சான் ஹோசேயில் அவர்கள் கீழ்வீடு, நான் மேல்வீடு. டல்லாஸ் ப்ராஜெக்ட் முடிந்து காரில் வந்தபோது என்னோடு ஒரு டெகுவும் வந்தது.

அணிலுக்கும் எலிக்கும் நடுவில் ஒரு பிராணி. நாளெல்லாம் சக்கரத்தில் ஓடும், எங்கும் போய்ச் சேராது. மேனேஜர் என்று பெயர் வைத்தேன்.

நமக்குப் பிரியம் என்றால் இனிப்புதானே. உலர்ந்த திராட்சை, வாழைப்பழம், ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாய்... எல்லாவற்றிலும் அவனுக்கு ஒரு துண்டு உண்டு.

ஒரு சனிக்கிழமை சக்கரச் சத்தம் கேட்கவில்லை. மேனேஜர் மூலையில் முடி சிலிர்த்து, பந்து மாதிரி உட்கார்ந்திருந்தான். திராட்சையைக் கையில் வாங்கி, வாயில் வைத்து, கீழே போட்டான்.

ஒரு கிளினிக்குக்கு போன் பண்ணினேன். கலிபோர்னியாவில் டெகு வளர்ப்பது சட்டவிரோதம், தெரிந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள் ரிசப்ஷன் பெண். டல்லாஸில் அதைக் கடையில் பில் போட்டு விற்றார்கள்!

விசாவில் இருப்பவனுக்குச் சட்டவிரோதம் என்ற சொல்லே போதும். போனை வைத்துவிட்டுக் கூண்டோடு கீழே இறங்கினேன்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "தண்ணி நெறையக் குடிக்கறானா?"

"ஆமாக்கா. பாட்டில் ரொப்பி மாளல."

"ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதா?"

நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காத தம்பி. கூண்டுத் தட்ட இழுத்துப் பாரு."

இழுத்தேன். மூலையில் எறும்பு கருப்பாக அப்பிக் கிடந்தது.

"சக்கரை. எங்க மாமனாருக்கு இருக்கற அதே சக்கரை. என்ன போட்ட இதுக்கு?"

சொன்னேன்.

"எலிக்குக் கடலை முட்டாயா! ஏன், காப்பி கலக்கித் தர்லியா?"

துண்டில் சுற்றி மடியில் வைத்து, தாடையை விரலால் தடவினார். மோவாய் எச்சிலில் நனைந்திருந்தது. காலேஜில் முயலுக்கு இதே மாதிரி பார்த்திருக்கிறாராம்.

"பின்பல்லு வளந்து நாக்குல குத்துது. புல்லு மென்னாத்தான் தேயும், நீ மெத்துமெத்துனு போட்டு வளத்திருக்க. பசிக்குது, மெல்ல முடியல. இப்பிடியே உட்டா செத்துரும்."

"என்னக்கா பண்றது?"

"இனிப்ப இன்னியோட நிறுத்து. பல்ல ராவோணும். அதுக்கு மயக்க மருந்து வேணும், சின்ன அரம் வேணும். ஊர்ல இருந்தா நானே..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மணி அண்ணன் சோபாவிலிருந்து, "கலா, அதத் தொடாத. ஹெச்-4ல வேலை பாக்கக் கூடாது" என்றார்.

"ஏனுங்க, எலிகிட்ட ஃபீஸா வாங்கறேன்?"

"கிரீன் கார்டு ஃபைல் பண்ணிருக்குது. இதக் கொண்டுபோய் எவன்கிட்டயாச்சும் மாட்டுனா எல்லாருக்கும் சேத்துத்தான்."

அவர் கெட்டவர் இல்லை. கம்பெனியும் வக்கீலும் அவர் கழுத்தில் போட்டிருந்த கயிறு அப்படி.

அக்கா எழுந்து செருப்பை மாட்டினார். "வண்டிய எடு தம்பி. நீ உள்ள வராத, எம்பேர்ல காட்டிக்கறேன்."

"ஏதாச்சும் ஆச்சுன்னா அக்கா?"

"உனக்கு வேலை போகும். அவருக்குக் கார்டு போகும். எங்கிட்ட இருந்து புடுங்கறதுக்கு என்ன இருக்குது?"

மணி அண்ணன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

வேறொரு கிளினிக். வெளியே காரில் காத்திருந்தேன். கூண்டும் மருந்துமாக அக்கா வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அந்த டாக்டரம்மா எந்த ஊரு எலின்னு கேக்கவே இல்ல தம்பி. நானும் வெட்டினரி டாக்டர்தான்னு சொன்னேன். அப்படியா, அப்பத் தலையப் புடிங்கன்னுட்டாங்க. கடைசி வரைக்கும் நாந்தான் புடிச்சேன்."

மேனேஜர் பிழைத்தான். அதன் பிறகு காய்ந்த புல்தான் சாப்பாடு. கண்ணில் புரை விழுந்தும் ஓடிக்கொண்டிருந்தான்.

அக்கா அதற்குப் பிறகு எந்தப் பிராணிக்கும் வைத்தியம் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் மணி அண்ணனுக்கு லே-ஆஃப், வேறு கம்பெனி, நியூ ஜெர்சி, கார்டுக்கு மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அது வந்தபோது... அக்கா ஆளே களைத்துவிட்டார்.

இன்று முழுக்க அந்தக் கார்தான் ஞாபகம். திரும்பி வரும்போது ஃப்ரீவே நெடுக அக்காவுக்கு எலியைப் பற்றிப் பேச்சே இல்லை, அந்தக் கிளினிக் மேசையைப் பற்றித்தான்.

"என்ன ஒசரம்ங்கற! குனியவே வேண்டாம். லைட்ட எங்க வேணாலும் திருப்பிக்கலாம். நாங்க சேத்துல மண்டி போட்டு மாட்டுக்குப் பாத்தோம்..."

அபார்ட்மென்ட் வந்துவிட்டது. நான் இறங்கிக் கதவைத் திறந்தேன். அக்கா கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நேரம் இங்கயே இருக்கலாம் தம்பி. உள்ள போனா சமைக்கோணும்."

நானும் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

போயிட்டு வாங்கக்கா.