பூங்கோதை கையில் நான் கொடுத்த உலக்கை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம். தா.பழூரில் நாங்கள் கூட்டுக் குடும்பம். என் கொழுந்தன் மனைவி பூங்கோதைக்கு ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை. திருச்சியில் ஒரு டாக்டரம்மா கர்ப்பப்பையில் சின்ன ஆபரேஷன் செய்தார். "மெதுவா நடக்கலாம்மா. நெல்லு குத்துறது, தண்ணி எறைக்கிறதெல்லாம் ரெண்டு மாசத்துக்குக் கூடாது. வலிச்சா உடனே நிறுத்திடணும்" என்று அவர் சொன்னபோது கூட இருந்தவள் நான்தான்.

மூன்றாம் வாரமே அவள் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நாலு பெற்றவள் நான். எட்டாம் மாசம்வரை நெல் குத்தியவள்.

"ஒடம்பு வளைஞ்சாத்தான் புள்ள தங்கும். வா" என்று உலக்கையை நீட்டினேன்.

"டாக்டரம்மா வேணாம்னாங்களே, அக்கா."

"அவங்களுக்கு என்ன தெரியும்?"

குத்தத் தொடங்கினாள். சற்று நேரத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். போதும் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். நான் குனிந்து முறத்தில் அரிசியைப் புடைக்கத் தொடங்கினேன். அவள் மறுபடி குத்தினாள். உலக்கைச் சத்தம் நின்றதும்தான் நிமிர்ந்தேன். அவள் காலடியில் சிதறிக் கிடந்த அரிசி சிவந்துகொண்டிருந்தது.

வண்டி கட்டி அரியலூர் போய் திருச்சிக்கு ரயிலேறினோம். டாக்டரம்மா உயிரைக் காப்பாற்றிவிட்டார்.

"இனிமே புள்ள உண்டாகுங்களா?"

"சொல்ல முடியாதும்மா."

"நான் குத்தச் சொன்னதாலதானா?"

"அதையும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா வலிச்சப்பவே நிறுத்தியிருக்கணும்."

பூங்கோதைக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "எனக்குக் கொடுப்பினை இல்லீங்க" என்றே சொன்னாள். பக்கத்திலேயே நின்றிருந்தும் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.