துப்பாக்கிக்காரியும் நாட்டுக்கோழியும்

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் எனக்குப் பாடம் நடத்தவென்று வாங்கிய கைப்பேசி, பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தது. பதினொரு வயதில் அதிலிருந்த துப்பாக்கி விளையாட்டில் தினமும் நாலைந்து கூட்டத்தைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் வகுப்புப் பெண்கள்தான் என் படை. எங்களுடையது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தொழிற்சாலை. அந்த இரைச்சலை மீறித் தோழிகளுக்குக் கேட்க வேண்டுமே என்று, "கொல்லு, கொல்லு, உடாத!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் அப்பா புரண்டு படுப்பார்.

"இன்னாடி, எந்நேரமும் கொல்லு கொல்லுன்னு கத்திக்கினு கீற? பொம்பளப் புள்ளையா நீ?" என்பாள் அம்மா. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இப்படி விளையாடும் பிள்ளைகளுக்கு நெஞ்சு கல்லாகிவிடும், பெற்றவர்கள் மேலேயே கை வைப்பார்கள் என்று யாரோ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவள் பயந்துபோனாள். ஆடிக்கூழ் ஊற்றி முடித்ததும் என்னைப் பள்ளிப்பட்டில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதென்று முடிவானது. அங்கே மாடு உண்டு, சிக்னல் கிடையாது. எனக்கு உலகமே இருண்டுவிட்டது.

கூழ் ஊற்றும் அன்று பழவேற்காட்டிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஏரியில் மீன் பிடிப்பவர். ஒரு கையில் கருவாடு, மறு கையில் கால் கட்டிய நாட்டுக்கோழி. அம்மா புலம்பி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "யக்கா, சும்மா பேசிக்கினே இருந்தா எப்படி? இன்னிக்கே பாத்துடலாம். பாப்பா கோழியப் புடிக்கட்டும், நான் அறுக்கறேன். அதுக்குக் கை நடுங்கலைன்னா நாளைக்கே பள்ளிப்பட்டுக்கு இட்னு போ," என்றார்.

மாமாவும் கட்சி மாறிவிட்டாரே என்று ஆத்திரம் வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கை நடுங்குவதுபோல் நடித்தால் தீர்ந்தது. நடிப்பில் நான் சூரப்புலி.

நடிக்க வேண்டியிருக்கவில்லை. மடியில் வைத்ததும் கோழி சுட்டது. இறகுக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. நான் சுட்ட அத்தனை பேரில் ஒருத்தருக்கும் இப்படி உடம்புச் சூடு இருந்ததில்லை. கத்தியைத் தீட்டுவதற்காக மாமா அந்தப் பக்கம் திரும்பினார். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

"ஓடு, ஓடு, பின்னாடி வராங்க!" என்று விளையாட்டில் கத்தும் அதே குரலில் கத்தினேன். கோழி சுவரில் ஏறித் தொழிற்சாலைக்குள் குதித்துவிட்டது. அப்பா யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பனியனோடு ஓடிவந்தார்.

விளக்குமாறு பறந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வரவில்லை. அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். போன கோழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பைத் தொட்டுக்கொண்டு எல்லாரும் கூழ் குடித்தோம். பள்ளிப்பட்டுப் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. அன்று சாயங்காலமே நான் மறுபடி துப்பாக்கியைத் தூக்கினேன். "சத்தம் போடாம சுடு, அப்பா தூங்கறாரு," என்று மட்டும் அம்மா சொன்னாள்.

மாமா கிளம்பும்வரை அவரை வறுத்தெடுத்தேன். "ஒரு கோழிக் காலக்கூட ஒழுங்காக் கட்டத் தெரில, நீங்கல்லாம் இன்னா மாமா வலை கட்றீங்க?" அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

இப்போது கல்லூரியில் படிக்கிறேன். போன மாதம் மாமாவின் படகில் ஏறியபோது அவர் கட்டியிருந்த கயிறு ஒன்றை அவிழ்க்கப் பார்த்தேன். நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்தும் முடிச்சு அசையவில்லை. காற்றுக்கும் அலைக்கும் நெகிழாத முடிச்சு போடுகிறவர் கட்டிய கயிறு அன்றைக்கு என் ஒரே இழுப்புக்கு எப்படி அவிழ்ந்தது என்று, பதினொரு வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.