ரோசலின் சொன்ன இரண்டு உழக்கு

கொடைக்கானலில் நாங்கள் டீக்கடை போட்ட புதிது. பங்களா ஒன்றில் சமையல் செய்த பக்கத்து வீட்டு ரோசலின், கடையில் வைத்து விற்க எனக்குக் கேக் செய்யச் சொல்லிக் கொடுத்தாள். அங்கே அவள் எல்லாவற்றையும் தராசில் அவுன்ஸ் கணக்கில் நிறுப்பவள். என்னிடம் தராசு இல்லாததால், "மைதா ரெண்டு உழக்கு, சீனி ஒரு உழக்குக்கா" என்று மாற்றிச் சொன்னாள்.

இரண்டு முறை சுட்டேன். இரண்டும் செங்கல். வெண்ணெயும் முட்டையும் வீணானதில் வீட்டுக்காரர் முகம் கடுத்தது. அவளும் விடுதிகளுக்குக் கேக் விற்கிறவள்தானே, வேண்டுமென்றே எதையோ மறைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒருநாள் அவளே வந்தாள். "என் முன்னால செய்ங்கக்கா, பாப்போம்."

வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே உழக்கில் மாவை அள்ளினேன்.

"என்னக்கா இது, மலை மாதிரி?" என்று கத்தியால் மாவை வழித்துச் சமமாக்கினாள்.

எனக்குப் பதறியது. பழனியில் எங்கள் வீட்டில் யாரும் தலை தட்டி அளக்கமாட்டார்கள். "கோபுரமா அளந்தாத்தான் வீடு நெறையும்" என்றேன்.

"வீடு நெறையும்க்கா. கேக்கு எந்திரிக்காதே!"

அன்று கேக் பஞ்சாக எழும்பியது. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் கண்ணுக்குத் தெரியாமல் எதையாவது போட்டிருப்பாளோ என்று மறுநாள் தனியாகச் சுட்டுப் பார்த்தேன். அதுவும் எழும்பியது.

முதல் துண்டை அவளுக்குத்தான் கொண்டுபோனேன். மாவைக் கோபுரமாக அளந்த நான், அவள்மேல் நம்பிக்கையைத் தலை தட்டிக்கூட அளக்கவில்லை.