அத்தையின் ஏப்பத்துக்கு வந்த பதில்

எங்கள் ரப்பர் தோட்டத்து மருந்தகச் சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. மூன்று நாள் மருந்துக்கு அடங்காத நோயாளியை நான்காம் நாள் கடிதத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். என் அத்தை விஷயத்தில் அந்த நான்காம் நாள் வந்துசேர ஏழு வாரம் பிடித்தது. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் பதிவேட்டில் காய்ச்சலுக்குப் பத்தி இருந்தது, வயிற்றுப்போக்குக்கு இருந்தது, கத்திக்காயத்துக்கும் இருந்தது. ஏப்பத்துக்கு இல்லை. பத்தி இல்லாத நோயை எப்படி மேலே அனுப்புவது என்று அவர் தயங்கினார். பின்னாளில் பதிவேடுகளோடு பிழைத்தவள் என்ற முறையில் அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, மதிக்கத் தெரியவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திகாம் பத்து என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தில் எங்களோடு இருந்துகொண்டு, பால் இறக்கப் பால்மரம் வெட்டினாள். வைகாசியில் லூனாஸிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் வேலை, மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பிள்ளைகள். ஆவணியில் கல்யாணம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த வாரமே ஏப்பம் தொடங்கியது.

சாப்பிட்டாலும் வரும், சாப்பிடாவிட்டாலும் வரும். வேலையாள்கள் வரிசையில் நிற்கும் விடியற்காலைப் பெரட்டில் ஆபீஸ் கணக்கர் கிராணி பேர் கூப்பிட்டால் பதிலுக்கு ஏப்பம்தான் முதலில் கேட்கும். வயிறு கல்லாக இருக்கிறது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

வெறும் வயிற்றில் கோப்பி குடிப்பதால் என்றார் டிரஸ்ஸர். மெல்லாமல் விழுங்குவதால் என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் மரவள்ளிக்கிழங்கு என்றார். அவர் எல்லா நோய்க்கும் அதையேதான் சொல்வார். காரணம் சொன்னவர்களின் மனம் கோணாதபடி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். கோப்பி நின்றது, கிழங்கு நின்றது, மிளகாயும் நின்றது. ஏப்பம் நிற்கவில்லை. சுண்ணாம்பைக் கரைத்தது போன்ற வெள்ளை மருந்து மட்டும் மூன்று போத்தல் காலியானது.

அப்பா அவளை முனீஸ்வரர் கோவிலுக்கு அழைத்துப் போனார். சாம்பிராணிப் புகை முகத்தில் பட்டதும் அத்தை தொடர்ந்து ஏழெட்டு ஏப்பம் விட்டாள். எங்கள் பக்கத்தில் சாமி இறங்குமுன் கொட்டாவியும் ஏப்பமும் வரும். பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதுதான் வினை.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு ஆள்கள்.

"தங்கச்சி, என் மவனுக்கு சுங்கைப் பட்டாணியில வேலை கெடைக்குமா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் அத்தை. கூடவே ஒரு ஏப்பம்.

"கெடைக்கும்லா! சொல்லிருச்சு பாரு!"

செய்தி லூனாஸுக்குப் போகத் தாமதமாகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பஸ் பிடித்து வந்து, கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்தார்.

"வியாதின்னா மருந்து வாங்கிக் குடுத்துப் பாத்துக்குவோம். சாமின்னா நாங்க என்னா செய்யிறது? சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடு. இது வியாதிதான்னு பெரிய ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிக் குடுங்க. ஆவணி கடைசி முகூர்த்தம் வரைக்கும் பாக்குறோம்."

சாமி இல்லை என்பதற்கு அரசாங்கச் சான்றிதழ் கேட்ட குடும்பத்தை நான் அதற்குப் பிறகு சந்தித்ததில்லை. அப்பா போய் மருந்தக வாசலில் உட்கார்ந்துகொண்டார். டிரஸ்ஸர் வேறு வழியில்லாமல் பதிவேட்டின் ஓரத்தில் கோடு கிழித்து, 'மற்றவை' என்று புதிதாக ஒரு பத்தியை உண்டாக்கி, கடிதம் எழுதிக் கொடுத்தார். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் அத்தையின் வயிற்றை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் தோட்ட ஆபீசுக்குப் பதில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு வாரம் போயிற்று. நான்கும் போயிற்று. ஒருநாள் குழாயடியில் அத்தை தனியாகத் துணி அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாயைத் திறந்து, காற்றை ஒரு வாய் சோறு போல விழுங்கினாள். கொஞ்சம் பொறுத்து ஏப்பம் வந்தது. என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. மொதல்ல தானாத்தான் வந்துச்சு. சத்தியமா. இப்போ வரலன்னா பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

"லூனாஸுக்கு" என்றாள்.

லூனாஸ் ஓர் ஊர். ஊருக்கு எதற்கு ஒருத்தி பயப்பட வேண்டும் என்று குழம்பினேன். அங்கே நல்ல ரொட்டிக்கடை இருக்கிறது என்று சொல்லி அவளுக்குத் தைரியம் கொடுத்தேன். அவள் சிரித்தாள்; சிரிப்பின் நடுவிலும் ஏப்பம் வந்தது. அதை அவளாகச் செய்தாளா, தானாக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

கடைசி முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதில் வரவில்லை. மாப்பிள்ளை அதே நாளில் கூலிம் பக்கத்தில் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார்.

பிறகு கடிதம் வந்தது. கிராணியே வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னார்.

"வயித்துல ஒரு வியாதியும் இல்லையாம். காத்த முழுங்குறாங்களாம். மனசுல ஏதாச்சும் கவலை இருக்கான்னு குடும்பத்துல கேட்டுப் பாக்கச் சொல்லியிருக்கு."

"காத்த எவனாச்சும் முழுங்குவானா?" என்றார் அப்பா. ஆனாலும் அரசாங்கக் கடிதம் சொல்கிறதே. அத்தையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"உனக்கு என்னம்மா கவலை?"

"இப்போ ஒன்னுமில்லண்ணே" என்றாள் அத்தை.

கிராணி கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வியாதி இல்லையென்றால் அப்போது சாமிதானே என்று நான் அம்மாவைக் கேட்கப் போனேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அம்மா எதற்காக அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பதில் வந்தது, ஆவணியின் கடைசி முகூர்த்தம் முடிந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை.